ராம் பத்தலை அக்கா

பைதான் நிரல்மொழி பழகும் பிள்ளைகள் எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பும் கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே கேள்விதான். "அக்கா, ஃபைல் பெருசு. ரன் பண்ணா லேப்டாப் அப்படியே நின்னுடுது. பாண்டாஸை விட்டுட்டு வேற எதுக்காவது மாறட்டுமா? இல்ல ராம் போட்டுறட்டுமா?" (பாண்டாஸ் என்பது அட்டவணைத் தரவைக் கையாளும் பைதான் லைப்ரரி, ராம் என்பது கணினியின் மெமரி.) நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். அந்த ஃபைலில் எதையெல்லாம் ஒரே நேரத்தில் மெமரியில் வைத்திருந்தே ஆகணும்? இதற்கு உடனே பதில் சொன்னவர்கள் குறைவு. சொல்ல முடிந்தவர்களுக்குப் பெரும்பாலும் ராமும் தேவைப்படவில்லை, புது லைப்ரரியும் தேவைப்படவில்லை.

என்னிடம் இருப்பது 8 ஜிபி லேப்டாப். பகலில் திருப்பூரில் ஒரு பின்னலாடை கம்பெனிக்கு ரிப்போர்ட் எழுதித் தருகிறேன். ராத்திரியில் தமிழ்ச் சொற்பட்டியல் சேர்ப்பது என் பைத்தியம். எந்தச் சொல் எத்தனை முறை வருகிறது என்று எண்ணி வைத்தால் எழுத்துப்பிழை திருத்திக்கு உதவும். அதற்குக் கையருகில் இருக்கும் பெரிய கிடங்கு தமிழ் விக்கிப்பீடியா. 2003இல் தொடங்கி இன்று ஒன்றரை லட்சம் கட்டுரைகளைத் தாண்டி நிற்கிறது. மொத்தக் கட்டுரைகளையும் ஒரே எக்ஸ்எம்எல் கோப்பாக, பிஇசட்2 வடிவில் சுருக்கி, விக்கிமீடியாவின் டம்ப் (மொத்தப் பிரதி) தளத்தில் வைத்திருக்கிறார்கள். யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம்.

போன மாதம் ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்கு இதையே எடுத்த ஒரு தம்பி தான் எழுதிய நிரலை (கோட்) அனுப்பியிருந்தான். கோப்பை விரித்து டிஸ்க்கில் போட்டிருந்தான். ரீட் போட்டு முழுவதையும் ஒரு ஸ்ட்ரிங்காக எடுத்திருந்தான். அதை எக்ஸ்எம்எல் பிரிக்கும் எலிமென்ட்ட்ரீ மாட்யூலுக்குக் கொடுத்து மரமாக்கி, ஃபைண்ட்ஆல் போட்டு எல்லாப் பக்கங்களையும் ஒரு லிஸ்ட்டில் சேர்த்து, அப்புறம் ஸ்ப்ளிட் செய்து எல்லாச் சொற்களையும் இன்னொரு லிஸ்ட்டில் கொட்டி, கடைசியில்தான் எண்ண ஆரம்பித்திருந்தான். ஒரே விஷயம் மெமரியில் நான்கு வேஷத்தில் உட்கார்ந்திருக்கிறது. எண்ணுவதற்கு நமக்கு வேண்டியது என்ன? இப்போது படிக்கும் ஒரு கட்டுரை, இதுவரை சேர்ந்த எண்ணிக்கை. அவ்வளவுதான்.

முதல் வேலை, கோப்பை விரிக்கவே வேண்டாம். பைதானின் பிஇசட்2 மாட்யூலில் ஓப்பன் என்று ஒன்று உண்டு. சுருக்கிய கோப்பையே சாதாரணக் கோப்பு மாதிரி திறந்து கொடுக்கும், படிக்கப் படிக்க விரிக்கும். அதை அப்படியே எலிமென்ட்ட்ரீயின் ஐட்டர்பார்ஸுக்குக் கொடுக்கலாம். அதே மாட்யூலின் பார்ஸ் முழு மரத்தையும் கட்டி முடித்துவிட்டுத்தான் கையில் தரும். ஐட்டர்பார்ஸ் ஒவ்வொரு டேக் (பேஜ், டெக்ஸ்ட் போன்ற எக்ஸ்எம்எல் பகுதி) தொடங்கும்போதும் முடியும்போதும் நம்மைக் கூப்பிட்டுச் சொல்லும்.

இந்த இடத்தில்தான் பலரும் "அக்கா, ஐட்டர்பார்ஸ் போட்டும் மெமரி ஏறிக்கிட்டே போகுது" என்று வருவார்கள். ஏறத்தான் செய்யும். ஐட்டர்பார்ஸ் நமக்குச் சொல்லிக்கொண்டே பின்னால் மரத்தையும் கட்டிக்கொண்டிருக்கிறது. பேஜ் டேக் முடிந்ததும் அந்த எலிமென்ட்டை கிளியர் செய்தால் உள்ளே இருப்பது போய்விடும். ஆனால் காலியான பேஜ் எலிமென்ட் தலைக்கணுவின் (மரத்தின் உச்சியில் இருக்கும் எலிமென்ட்) பிள்ளையாக அங்கேயே தொங்கும். பந்தியில் சாப்பிட்டவர் எழுந்து போனாலும் இலை கிடக்கிற கதைதான். வழி எளிது. ஸ்டார்ட், எண்ட் இரண்டு நிகழ்வுகளையும் கேளுங்கள். முதலில் வரும் ஸ்டார்ட் நிகழ்வு தலைக்கணுவுடையது, அதை நெக்ஸ்ட் போட்டு ஒரு மாறியில் பிடித்து வையுங்கள். ஒவ்வொரு பேஜ் முடிந்து வேலை ஆனதும் அந்தத் தலைக்கணுவையே கிளியர் செய்யுங்கள். இலையும் போய்விடும்.

இன்னும் இரண்டு சின்ன விஷயம். பேஜின் ஸ்டார்ட் நிகழ்வில் உள்ளடக்கத்தைத் தேடாதீர்கள், அப்போது பிள்ளைகள் வந்திருக்கவே மாட்டார்கள். அதேபோல எந்த டேக் முடிந்தாலும் கிளியர் என்று கண்மூடித்தனமாகப் போட்டால், பேஜ் முடிகிற நேரத்தில் டெக்ஸ்ட் டேக் காலியாக இருக்கும். டேக் பெயருக்கு முன்னால் நெளி அடைப்புக்குள் ஒரு நீளமான நேம்ஸ்பேஸ் முகவரி ஒட்டிக்கொண்டு வரும். அதில் டம்ப் வடிவத்தின் பதிப்பு எண்ணும் இருப்பதால் முழுதாக ஒப்பிடாமல் எண்ட்ஸ்வித் வைத்துப் பார்ப்பது என் வழக்கம். என்எஸ் டேக்கில் (பக்கத்தின் பெயர்வெளி எண்) 0 இருந்தால்தான் கட்டுரை. மற்றதெல்லாம் வார்ப்புரு, பகுப்பு என்று வேறு பெயர்வெளிகள். சொல் எண்ணுகிறவருக்கு அவை வேண்டாம்.

இதை மட்டும் மாற்றி அனுப்பினேன். "ஓடுது அக்கா! ஆனா ஒரு கட்டுரையையே மெமரில வச்சுக்கிறோமே, அதையும் வரி வரியா உடைக்கட்டுமா?" என்றான். வேண்டாம் தம்பி. மிகப் பெரிய கட்டுரைகூட இந்தக் கணக்கில் தூசு. ஒரு கட்டுரைக்கு ஃபைண்ட்ஆல் போட்டு லிஸ்ட் எடுத்தாலும் ஒன்றும் ஆகாது. சிக்கனம் பிடிக்கிற இடத்தில் பிடித்தால் போதும்.

அப்புறம் எது எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று பார்க்க சிஸ் மாட்யூலின் கெட்சைஸ்ஆஃப் போட்டுக் காட்டினான். லிஸ்ட்டுக்கு அது காட்டும் எண்ணை நம்பக் கூடாது. லிஸ்ட் என்பது முகவரிகளின் வரிசை. 64 பிட் கணினியில் ஒரு முகவரிக்கு 8 பைட். கெட்சைஸ்ஆஃப் அந்த வரிசையை மட்டும் அளக்கும், முகவரி காட்டும் பொருள்களை அளக்காது. ஒரு சாதாரண முழு எண்ணுக்கு 28 பைட். ஆகவே 1 கோடி வெவ்வேறு எண்களை லிஸ்ட்டில் போட்டால் கெட்சைஸ்ஆஃப் 80 எம்பி என்று சொல்லும், உண்மையில் போவது 360 எம்பி. அதே எண்களை நம்பை என்ற எண்வரிசை லைப்ரரியில் 32 பிட் முழு எண்ணாக வைத்தால் 40 எம்பி. எந்த வரியில் மெமரி போகிறது என்று உண்மையாகவே தெரியணும் என்றால் ட்ரேஸ்மாலோக் இருக்கிறது. பைதான் 3.4 முதல் கூடவே வருகிறது. யாரும் திறந்து பார்ப்பதில்லை.

தமிழ் எழுத்துக்கு வருவோம். டிஸ்க்கில் யூடிஎஃப்-8இல் ஒரு தமிழ்க் குறிக்கு 3 பைட். 'தமிழ்' என்ற சொல்லில் த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று 5 குறிகள், ஆக 15 பைட். பைதானுக்குள் வந்தால் ஒரு குறிக்கு 2 பைட்தான். ஆனால் ஸ்ட்ரிங் ஒவ்வொன்றுக்கும் தலைச்சுமை உண்டு என்பதால் இந்த 15 பைட் சொல் உள்ளே 60 பைட்டைத் தாண்டிவிடுகிறது. நீளமான ஒரே ஸ்ட்ரிங்காக இருந்தால் தமிழ் உரை டிஸ்க்கில் இருப்பதைவிட மெமரியில் சிறுக்கும். துண்டு துண்டாக உடைத்தால் வீங்கும்.

இந்த 2 பைட் கணக்கு பைதான் 3.3இல் வந்த ஏற்பாடு. ஸ்ட்ரிங்கில் இருக்கும் மிகப் பெரிய குறி எதுவோ அதைப் பார்த்து மொத்த ஸ்ட்ரிங்குக்கும் 1, 2 அல்லது 4 பைட் என்று முடிவு செய்யும். ஒரு நீண்ட தமிழ்க் கட்டுரையில் எங்கோ ஓர் இமோஜி விழுந்தால் முழுக் கட்டுரையும் பெரும்பாலும் 4 பைட்டுக்குப் போய்விடும். இமோஜிதான் என்றில்லை. முந்திரி போன்ற நம் பழைய பின்னக் குறிகள் 2019இல் யூனிகோடுக்குள் வந்தன, அவையும் இதே வேலையைச் செய்யும். நல்லவேளையாக அந்தக் கட்டுரையிலிருந்து வெட்டியெடுக்கும் சொல் மறுபடி 2 பைட்டுக்கு இறங்கிவிடும். வெட்டுவது தனிப் பிரதி என்பதால் ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டிருப்பதால் மொத்தக் கட்டுரையும் மெமரியில் தங்கிவிடுமோ என்ற கவலையும் வேண்டாம்.

வேகத்தையும் இடத்தையும் விட எனக்கு அதிக பயம் தருவது வேறொன்று. பெரிய தரவில் விடை தப்பாக வந்தால் கண்ணில் படாது. கோடிக்கணக்கான சொற்களை யார் உட்கார்ந்து படிப்பார்கள்? தம்பியின் கோடில் சொல்லைப் பிரிக்க ரெகுலர் எக்ஸ்பிரஷனில் (உரையில் வடிவம் தேடும் குறிமொழி) பேக்ஸ்லாஷ் டபிள்யூ போட்டிருந்தான். ஆங்கிலத்துக்கு எழுதிய எல்லாப் பாடத்திலும் அப்படித்தான் இருக்கும். பைதானோடு வரும் ஆர்இ மாட்யூலில் அது எழுத்தையும் எண்ணையும் அடிக்கோட்டையும் மட்டும்தான் சேர்க்கும், உயிர்க்குறியையும் புள்ளியையும் சேர்க்காது. 'தமிழ்' என்று கொடுத்தால் 'தம', 'ழ' என்று இரண்டு துண்டாகத் திரும்பி வரும். அவன் பட்டியலின் தலையில் க, த, ப என்று ஒற்றை எழுத்துகளாக நின்றன. அதைத் 'தமிழில் அதிகம் வரும் சொற்கள்' என்று தலைப்புப் போட்டு கைடிடம் காட்டவும் காட்டிவிட்டான். அவரும் பார்த்துவிட்டுத் தலையாட்டியிருக்கிறார்! யூனிகோடில் தமிழுக்கென்று ஒதுக்கியிருக்கும் 128 இடங்களையும் வீச்சாகக் கொடுத்தால் சொல் முழுசாக வரும். தமிழ் எண்களும் ரூபாய்க் குறியும் அந்த 128க்குள் இருப்பதால் வேண்டாதவற்றைக் கழித்துக்கொள்ளலாம்.

அடுத்தது ஒகரம். 'கொடி' என்று திரையில் ஒரே மாதிரி தெரிவதை இரண்டு விதமாக எழுதலாம். ககரத்தோடு ஒகரக் குறி ஒன்றாக வரலாம். எகரக் குறியும் காலும் தனித்தனியாகவும் வரலாம். கண்ணுக்கு ஒன்று, கவுண்டருக்கு (சொல்லைச் சாவியாக வைத்து எண்ணிக்கை சேர்க்கும் பைதான் டிக்ஷனரி) இரண்டு சாவி. ஓகாரமும் அப்படியே. யூனிகோட்டேட்டா மாட்யூலின் நார்மலைஸில் என்எஃப்சி (பிரித்த குறிகளைச் சேர்க்கும் முறை) கொடுத்தால் இரண்டும் ஒன்றாகிவிடும். ஒவ்வொரு கட்டுரைக்கும் ஒரு முறை செய்தால் போதும், சொல்லுக்குச் சொல் கூப்பிட்டால் நேரம்தான் வீண். ஏற்கெனவே சரியாக இருக்கிறதா என்று விரைவாகப் பார்க்க பைதான் 3.8 முதல் இஸ்_நார்மலைஸ்டும் இருக்கிறது. என்எஃப்சி எட்டாத ஒரு வழக்கு உண்டு. ஔகாரக் குறிக்குப் பதில் எகரக் குறியும் ளகர எழுத்தும் தட்டியிருப்பார்கள். அது யூனிகோடின் பார்வையில் பிழையே இல்லை, வேறு சொல். 'கெளதமன்' என்று தட்டப்பட்ட கௌதமனைத் தனிப் பட்டியல் போட்டுத்தான் பிடிக்கணும்.

கவுண்டர் வீங்குவதைப் பற்றியும் கேட்டான். நியாயமான கேள்வி. தமிழில் வேற்றுமை, சந்தி, உம், ஏ எல்லாம் சொல்லோடு ஒட்டிக்கொள்ளும். 'வீட்டிலிருந்துதான்' என்பதும் ஒரு சாவி, 'வீட்டிலிருந்துமா' என்பதும் ஒரு சாவி. ஆகவே ஒரே ஒரு முறை மட்டும் வரும் சொற்களின் வால் மிக நீளம். கோப்பை எவ்வளவு சிக்கனமாகப் படித்தாலும் டிக்ஷனரி வளர்ந்துகொண்டே போகும். விக்கிப்பீடியாவோடு நின்றால் 8 ஜிபி தாங்கும். நாளிதழ், வலைப்பதிவு என்று சேர்த்துக்கொண்டே போனால் தாங்காது. (ஒரு சின்ன ஆறுதல் உண்டு. -5 முதல் 256 வரையான முழு எண்களைப் பைதான் ஒரே ஒரு பிரதியாக வைத்துக்கொள்ளும். வாலில் இருக்கும் அத்தனை 1க்கும் தனித்தனி 28 பைட் போவதில்லை.)

நான் செய்வது பழைய காந்த நாடா காலத்து உத்தி. கவுண்டரில் சாவிகள் 20 லட்சத்தைத் தொட்டதும் சொல் வரிசைப்படி அடுக்கி, ஒரு வரிக்கு ஒரு சொல், ஒரு டேப் (டேப் விசையின் இடைவெளிக் குறி), எண்ணிக்கை என்று கோப்பில் எழுதிவிட்டு கவுண்டரைக் காலி செய்கிறேன். 20 லட்சம் சாவி அரை ஜிபிக்குள் அடங்கிவிடுகிறது. எல்லாம் முடிந்ததும் கையில் சில அடுக்கிய கோப்புகள் இருக்கும். அவற்றை ஹீப்க்யூ மாட்யூலின் மெர்ஜுக்குக் கொடுக்கிறேன். அது எல்லாக் கோப்பிலிருந்தும் ஒவ்வொரு வரியை மட்டும் பிடித்துக்கொண்டு, அவற்றில் சிறியதை முதலில் தரும், பிறகு அந்தக் கோப்பிலிருந்து அடுத்த வரியை எடுக்கும். 10 கோப்பு என்றால் மெர்ஜின் பிடியில் 10 வரி. ஒரே சொல் அடுத்தடுத்து வந்து நிற்கும், ஐட்டர்டூல்ஸின் குரூப்-பை போட்டுக் கூட்டிக்கொண்டே போய் விடைக் கோப்பில் எழுதலாம். சொல்லுக்குப் பின் டேப் வைப்பதிலும் வசதி உண்டு. டேப்பின் குறியீட்டு எண் எந்தத் தமிழ் எழுத்தையும்விடச் சிறியது, அதனால் வரியை வரியோடு ஒப்பிட்டாலே சொல் வரிசை கெடாது.

இந்த வரிசை நம் நெடுங்கணக்கு வரிசை இல்லை என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். யூனிகோடில் னகரம் நகரத்துக்கு அடுத்து உட்கார்ந்திருக்கிறது, றகரம் ரகரத்துக்கு அடுத்து. இணைப்பதற்கு எல்லாக் கோப்பும் ஒரே வரிசையில் இருந்தால் போதும், அது எந்த வரிசை என்பது பொருட்டில்லை. அகராதி மாதிரி அச்சிடப் போகும்போது அதற்கென்று தனிச் சாவி எழுதி அடுக்கிக்கொள்ளலாம்.

"எட்டு கோர் இருக்கு அக்கா, மல்ட்டிப்ராசஸிங் போட்டா எட்டு மடங்கு வேகமா?" இல்லை. சுருக்கிய கோப்பை விரிப்பதும் எக்ஸ்எம்எல்லைப் பிரிப்பதும் வரிசையாக ஒரே ப்ராசஸில்தான் நடக்கும். அங்கிருந்து கட்டுரையை இன்னொரு ப்ராசஸுக்கு அனுப்பணும் என்றால் பிக்கிள் செய்து (பைட்டுகளாக மாற்றி) பைப் வழியே தள்ளணும், அதற்கும் நேரம் ஆகும். கட்டுரைக்கு உள்ளே செய்யும் வேலை கனமாக இருந்தால் லாபம் உண்டு. வெறுமனே எண்ணுவதற்கு அவ்வளவு இல்லை. அப்படியும் போடுவதாக இருந்தால் பூலின் (வேலை செய்யும் ப்ராசஸ்களின் கூட்டம்) மேப்புக்கு, கேட்கக் கேட்க ஒவ்வொன்றாகத் தரும் ஜெனரேட்டரைக் கொடுக்கக் கூடாது. அது முதல் வேலையாக ஜெனரேட்டரை லிஸ்ட்டாக மாற்றிவிடும், இவ்வளவு பாடும் வீண். அதற்குப் பதில் ஐமேப் போடு என்று எல்லா இடத்திலும் எழுதியிருக்கும். ஐமேப்பும் முழு நல்லவர் இல்லை. விடைகளை ஒவ்வொன்றாகத் தருமே தவிர, உள்ளீட்டை ஒரு தனித் த்ரெட் நிற்காமல் உறிஞ்சி க்யூவில் அடுக்கிக்கொண்டே இருக்கும். வேலை செய்பவர்கள் மெதுவாக இருந்தால் க்யூ வீங்கும். ஒரு செமஃபோர் வைத்து 'கையில் 200க்கு மேல் நிலுவை இருந்தால் படிப்பதை நிறுத்து' என்று நாமேதான் கட்டுப்படுத்தணும். பைதான் 3.14இல் பூல் போன்றே வேலை பிரிக்கும் எக்ஸிக்யூட்டரின் மேப்புக்கு, நிலுவையைக் கட்டுப்படுத்த பஃபர்சைஸ் என்ற ஒரு வசதி சேர்ந்திருக்கிறது. தாமதமாக வந்தாலும் வந்ததே!

சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த அட்டவணைக் கோப்பு) ஆட்களுக்குச் சுருக்கமாக. பாண்டாஸை 2008இல் எழுதத் தொடங்கிய வெஸ் மெக்கின்னியே 2017இல் தன் கணக்கைச் சொல்லிவிட்டார், தரவைப்போல் 5 முதல் 10 மடங்கு ராம் வைத்துக்கொள்வது அவர் வழக்கம் என்று. ஆகவே 2 ஜிபி சிஎஸ்வியை என் 8 ஜிபியில் ரீட்_சிஎஸ்வி என்று மொட்டையாகத் திறக்க முடியாது. 40 பத்தியில் எனக்கு வேண்டியது 6 என்றால் யூஸ்கோல்ஸில் 6ஐ மட்டும் கேட்பேன். மாவட்டப் பெயர் பத்தியை கேட்டகரி (பெயருக்குப் பதில் சின்ன எண் வைப்பது) ஆக்குவேன். தமிழ்நாட்டில் 38 மாவட்டம், அதற்கு ஒரு வரிக்கு 1 பைட் போதும். 16 இலக்க எண் உள்ள பத்தி இருந்தால் முதலிலேயே ஸ்ட்ரிங் என்று சொல்லிவிடுவேன். அதில் ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் பாண்டாஸ் வழக்கமாக முழுப் பத்தியையும் ஃப்ளோட் (தசம எண்) ஆக்கிவிடும். 9007199254740992க்கு மேல் போனால் கடைசி இலக்கம் சத்தமில்லாமல் மாறும்.

சங்க்சைஸ் போட்டுத் துண்டு துண்டாகப் படிப்பவர்கள் ஒன்றை யோசிக்கணும். கூட்டல், எண்ணிக்கை, பெரியது, சிறியது எல்லாம் துண்டுக்குத் துண்டு கணக்கிட்டுச் சேர்க்கலாம். சராசரிக்குக் கூட்டலையும் எண்ணிக்கையையும் தனித்தனியாகக் கொண்டுபோய்க் கடைசியில்தான் வகுக்கணும். சராசரிகளுக்குச் சராசரி எடுத்தால் கடைசித் துண்டு சின்னதாக இருக்கும்போது விடை கோணும். மீடியனை (வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் மதிப்பு) இப்படித் துண்டு போட்டுச் சேர்க்கவே முடியாது. எங்கள் ஆர்டர் கணக்கில் 'வழக்கமான ஆர்டர் எவ்வளவு' என்று மேனேஜர் கேட்பது மீடியனைத்தான், அவருக்கு அந்தப் பெயர் தெரியாவிட்டாலும். அப்போது டக்டிபி என்ற தரவுத்தள மென்பொருள் பக்கம் போகிறேன். தனி சர்வர் வேண்டாம், பிப் போட்டால் போதும். சிஎஸ்வியையோ பார்க்கேயையோ (பத்தி பத்தியாகச் சேமிக்கும் கோப்பு வடிவம்) கோப்பிலிருந்தே எஸ்க்யூஎல்லில் கேட்கலாம், பார்க்கே என்றால் வேண்டிய பத்தியை மட்டும் படிக்கும், பெரும்பாலான வேலைகளில் ராம் போதாவிட்டால் டிஸ்க்கை எடுத்துக்கொள்ளும். ஆம்ஸ்டர்டாமில் சிடபிள்யூஐ என்ற ஆராய்ச்சி நிலையத்தில் பிறந்தது. பைதானும் அதே நிலையத்தில் பிறந்ததுதான், 1989 கடைசியில்.

ஸ்பார்க் (பல கணினிகளுக்கு வேலையைப் பிரித்துக் கொடுக்கும் மென்பொருள்) பற்றிக் கேட்கும் தம்பி தங்கைகளுக்கு: கோப்பு உங்கள் டிஸ்க்கில் அடங்குகிறதா? அடங்கினால் இப்போதைக்கு வேண்டாம். ரெஸ்யூமேயில் போட வேண்டும் என்றால் அது வேறு காரணம், தாராளமாகப் படியுங்கள். ஒகரம் சேர்க்கும் ஃபங்ஷனும் கோப்புகளை இணைக்கும் ஸ்கிரிப்ட்டும் வேண்டுமென்றால் கமெண்ட்டில் கேளுங்கள், அனுப்புகிறேன். ஔகாரப் பட்டியலில் இன்னும் ஓட்டைகள் உண்டு, உங்கள் கண்ணில் பட்ட பெயர்களையும் எழுதிவிட்டுப் போங்கள்.